பழைய காரின் முன்பக்கம் 'டக் டக்' சத்தம்: ஷாக் அப்சார்பரா?

15 வருடப் பழைய கார், வேளச்சேரி ஸ்பீடு பிரேக்கர்களில் சத்தம் போடுகிறது, மெக்கானிக் ஷாக்கை மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டிக் டிக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு). சின்னப் பள்ளங்களில் மட்டும் கடகடத்தால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் (திருப்பத்தில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு). ஷாக்கைவிட விலை குறைவு.

அப்புறம், வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக இடவலமாக ஆட்டட்டும். நீங்கள் டை ராட் எண்டை (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியின் முனை மூட்டு) பிடித்துப் பாருங்கள். தேய்ந்திருந்தால் அந்தத் தட்டல் விரலிலேயே தெரியும். தெரிந்தால் தயவுசெய்து ஓட்டாதீர்கள். அது கழன்றால் சக்கரம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது. மாற்றியதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

மழைத் தண்ணீரில் ஓட்டியிருந்தால் இந்த மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறைகளையும் பாருங்கள். கிழிசல் வழியாகத் தண்ணீர் புகுந்து கிரீஸ் போயிருக்கும்.