அந்த நிலத்தை ஏன் யாரும் எடுக்கவில்லை? – கேள்வி பதில்

கற்பனை உலகம் கட்டுகிற நண்பர்கள் பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள்: வரைபடத்தின் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் இருக்கிறது, அதற்கு வாசகர் நம்பும்படி ஒரு காரணம் வேண்டும். வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

இரண்டு பேரரசுகளுக்கு இடையில் உள்ள நிலத்தை இருவருமே வேண்டாம் என்கிறார்கள். நம்பும்படி இருக்குமா?

இருக்கும், நிஜத்திலேயே அப்படி ஓர் இடம் உண்டு. எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவே பிர் தவில், சுமார் 2,060 சதுர கிலோமீட்டர் பாலை. 1899-இல் 22-ஆம் அட்சரேகையை எல்லையாக வைத்த பிரிட்டிஷார், 1902-இல் அங்கே மேய்க்கிற மக்களின் வசதியைப் பார்த்து நிர்வாகத்துக்காக வேறொரு கோடு போட்டார்கள். முதல் கோட்டின்படி செங்கடல் ஓரத்து ஹலாயிப் எகிப்துக்கு, இரண்டாவதின்படி சூடானுக்கு. பிர் தவிலுக்கு இது அப்படியே தலைகீழ். எகிப்து 1899-ஐப் பிடித்துக்கொள்கிறது, சூடான் 1902-ஐ. ஹலாயிப் ஏறக்குறைய பத்து மடங்கு பெரியது, கடற்கரையும் உண்டு, அதனால் பிர் தவில் என்னுடையது என்று இருவரில் யார் சொன்னாலும் அதைவிட நல்ல நிலத்தின் மேலுள்ள வாதம் போய்விடும். உங்கள் கதையில் கோடுகளுக்குப் பதில் ஒரு பழைய திருமண ஒப்பந்தம் போதும்: இந்தப் பள்ளத்தாக்கைக் கேட்டால் அந்த ஒப்பந்தத்தை ஏற்றதாகிவிடும், ஏற்றால் அதே ஒப்பந்தப்படி துறைமுகம் மற்றவருக்குப் போய்விடும்.

டிராகன் இருக்கிறது. அது போதாதா?

போதாது. ஆபத்து மட்டும்தான் தடை என்றால், ஆளும் பணமும் உள்ள அரசன் ஒருநாள் படை அனுப்பத்தான் செய்வான். அங்கே என்ன கிடைக்கும், அதை எடுக்க என்ன செலவாகும்? இந்த இரண்டையும் முதலில் எழுதுங்கள்.

சபிக்கப்பட்ட காடு, உள்ளே போனவர் செத்துப்போவார்...

சாபத்தை நோய்போல யோசித்துப் பாருங்கள். நேபாளத்தின் தெற்கே தராய்க் காடுகளில் ஒரு காலத்தில் மலேரியா கடுமையாக இருந்தது. மலையில் இருந்தவர்கள் அங்கே குடியேற அஞ்சினார்கள், அரசர்களும் தெற்கிலிருந்து படை வராமலிருக்க அந்தக் காட்டை அரணாகவே விட்டுவைத்தார்கள். ஓரளவு நோயெதிர்ப்பு கொண்ட தாரு போன்ற மக்கள் மட்டும் உள்ளேயே வாழ்ந்தார்கள். 1950-களில் மலேரியா ஒழிப்பு வேலை தொடங்கியதும் குடியேற்றம் பெருகியது. சாபம் நீங்கும் நாளில் யார் முதலில் கோடரியோடு வருவார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது.

சதுப்பு நிலத்தில் பூதங்கள் இருப்பதால் யாரும் வரவில்லை என்று வைக்கலாமா?

டிராகனுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பனி ராட்சசர்கள்?

அதேதான். இனி மிருகத்தின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள்.

தூரம்தான் என் காரணம். ஆனால் என் உலகில் பறக்கும் படை உண்டு.

அப்படியானால் அந்தக் காரணம் நிற்காது.

(இன்னொருவர்) ஏன் நிற்காது? பறந்து போய்க் கைப்பற்றலாம். வரி நெல்லைப் பறக்கவைத்தா கொண்டுவருவார்கள்?

நீங்கள் சொல்வது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். கைப்பற்றுவது வேறு, வைத்திருப்பது வேறு. மாட்டுவண்டியில் தானியம் ஏற்றினால், மேய்ச்சல் இல்லாத வழியில் மாடுகளே சுமையைத் தின்ன ஆரம்பிக்கும். ஓரளவு தூரத்துக்கு மேல் வண்டி காலியாகத்தான் வந்து சேரும். பறக்கும் படை கொடியை நடும், கணக்குப்பிள்ளையையும் காவலரையும் வருஷம் முழுக்க அங்கே யார் சோறு போட்டு வைத்திருப்பது?

(தூரத்தைக் காரணமாகச் சொன்னவர்) மூட்டையை அனுப்ப மந்திர வாசலும் உண்டே!

அதை விட்டுவைத்தால் தூரம் என்ற காரணம் எங்குமே செல்லாது. ஒரு நாளைக்கு ஓர் ஆள் மட்டும் போகலாம் என்று சுருக்குங்கள், அல்லது வேறு காரணம் தேடுங்கள்.

அங்கே பழங்குடியினர் இருக்கிறார்கள், ஆனால் நிலம் யாருக்கும் சொந்தமில்லை.

எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: ஆள் இருந்தால் அது அவர்கள் நிலம். வரி கட்டாததாலும் பத்திரம் இல்லாததாலும் அது அநாதை நிலம் ஆகாது. ஆஸ்திரேலியாவை யாருக்கும் சொந்தமில்லாத நிலமாக நடத்திய வாதத்தை அந்த நாட்டுத் தலைமை நீதிமன்றம் 1992-இல்தான், மாபோ வழக்கில், நிராகரித்தது. 'யாருக்கும் சொந்தமில்லை' என்று உங்கள் கதையில் யார் சொல்கிறார் என்று எழுதுங்கள், அது கதாசிரியரின் குரலாக வரக்கூடாது.

நடுக்கடல் தீவு?

கப்பலும் குடிநீரும் தெரிந்தவரைக் கேளுங்கள், நான் நிலத்துக்காரன்.

வேண்டுமென்றே பாழாக விட்ட எல்லை எப்படி?

நல்ல வழி. அரணாக விட்டுவைத்த காட்டுக்குக் காவற்காடு என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறதே. பழைய ஜெர்மானியக் குடியினரான சுவேபியர் தங்கள் எல்லையைச் சுற்றி நிலம் பாழாய்க் கிடப்பதைப் பெருமையாக நினைத்தார்கள் என்று ரோமானியத் தளபதி சீசர் எழுதியிருக்கிறார். உங்கள் கதையின் எல்லைக் காட்டில் ஒரு மரம் வெட்டினாலும் தண்டனை என்று வைத்து, விறகுக்காக மாட்டிக்கொண்ட ஒருவனை முதல் அத்தியாயத்திலேயே கொண்டுவாருங்கள்.