எட்டு வயதுப் பையனின் முன்பல் கறுத்து ஈறில் சீழ்க் கொப்புளம் வந்திருக்கிறது, பல்லைப் பிடுங்கிவிடலாமா?

தயவுசெய்து அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள். என் மகளும் அதே வயதில் சைக்கிளில் இருந்து விழுந்து, சில மாதம் கழித்து இதே நிலைமைக்கு வந்தாள். முதலில் பார்த்த மருத்துவர் எடுத்துவிடலாம் என்றார். தாடை வளர்ந்து முடியும்வரை இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க முடியாது என்பதை நாங்களாகத்தான் பிறகு தெரிந்துகொண்டோம். அத்தனை வருடம் அந்த இடம் காலியாகக் கிடந்திருக்கும்.

மேல் முன்பல் 7, 8 வயதில் முளைக்கும். வேர் முழுதாக வளர இன்னும் 3 வருடம் போல ஆகும். அதற்குள் நரம்பு செத்தால் வேர் பாதியில் நின்றுவிடும். நுனி திறந்தே இருக்கும், சுவரும் மெலிந்திருக்கும். அதனால் பெரியவர்களுக்குச் செய்கிற ரூட் கேனல் இதற்குச் சரிவராது. எம்டிஏ என்ற சிமென்ட்டால் நுனியை அடைக்கலாம். ஆனால் சுவர் மெலிசாகவே இருக்கும், பின்னால் உடையலாம்.

என் மகளுக்குச் செய்தது ரீஜெனரேட்டிவ் சிகிச்சை, அதாவது பல்லுக்குள் புதுத் திசு வளரவைத்து வேரைத் தொடர்ந்து வளரவிடும் முறை. முதல் நாள் உள்ளே சுரண்டாமல் மருந்து நீரால் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடினார்கள். மூன்று ஆன்டிபயாடிக் கலந்த பசையும் உண்டு. அதில் மினோசைக்ளின் இருந்தால் பல் நிறம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். சீழ் வற்றியதும், மூன்று வாரம் கழித்து, மெல்லிய கருவியால் வேர் நுனிக்கு வெளியே குத்தி ரத்தத்தை வரவழைத்தார்கள். பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. ஆனால் சிகிச்சையின் உயிரே அதுதான். அந்த ரத்தத்தோடு வேர் நுனியில் இருக்கும் ஸ்டெம் செல்களும் (புதுத் திசுவாக மாறக்கூடிய செல்கள்) உள்ளே வருகின்றன. ரத்தம் தாராளமாக வர வேண்டும் என்பதற்காக அட்ரினலின் கலக்காத மரப்பு ஊசிதான் போட்டார்கள். உறைந்ததும் மேலே சிமென்ட் வைத்து அடைத்தாயிற்று.

ஒரு வருடத்தில் எக்ஸ்ரேயில் நுனியில் சீழ்த் தொற்றின் அடையாளமாக இருந்த கறுப்பு நிழல் போய்விட்டது. சுவர் தடித்திருக்கிறது, நீளம் அவ்வளவாகக் கூடவில்லை. உள்ளே வளர்வது பழைய நரம்பு அல்ல, எலும்பும் வேர்ப்பூச்சும் (வேரின் வெளிப்புறத்தை மூடும் படலம்) போன்ற திசு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி வளராது என்றும் சொன்னார். வளராவிட்டால் அந்த எம்டிஏ வழி அப்போதும் இருக்கிறது.

முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்து, வேர் நுனி திறந்திருக்கிறதா என்று குழந்தைப் பல் மருத்துவரிடம் கேளுங்கள். செலவு யோசனையாக இருந்தால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். அப்புறம், வலி போய்விட்டதே என்று ஆறாம் மாத, ஒரு வருடப் பரிசோதனைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.