ஒரு பாடல், இரண்டு அனுமதிகள்

கேள்வி: என் குறும்படத்தில் ஒரு பிரபலமான பாடலின் 10 விநாடிகளை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். இசையமைப்பாளர் வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டார். இது போதுமா?

பதில்: போதாது. சில விநாடிகளுக்கு அனுமதி வேண்டாம் என்பது வெறும் வதந்தி. மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிய உரிமை ஒன்று, குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு உரிய உரிமை மற்றொன்று என இரண்டு இருப்பதாலும், அவை பெரும்பாலும் நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருப்பதாலும், பாடலைப் படைத்தவரே தலையசைத்தாலும் அது செல்லாமல் போகலாம். வேறு பாடகரைக் கொண்டு புதிதாகப் பதிவு செய்தால் இரண்டாவது அனுமதி தேவைப்படாது. முதலாவது கட்டாயம் தேவை.

விளம்பரங்களில் இந்தக் குறுக்குவழியும் ஆபத்தானது. பாடலுக்கு முறையாக அனுமதி பெற்றுக்கொண்டு, பாட மறுத்துவிட்ட அமெரிக்கப் பாடகி பெட் மிட்லரின் குரலைப் போலவே வேறொருவரைப் பாடவைத்த கார் விளம்பரம் தொடர்பான வழக்கில், 1988-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் மிட்லரின் பக்கமே நின்றது.

திரைப்பட விழாக்களுக்கு மட்டும் உரிமம் வாங்கினால் கட்டணம் குறையும்; ஆனால் பின்னர் ஓடிடி தளத்துக்குப் போகும்போது, படம் ஏற்கெனவே முடிந்துவிட்டதால், உரிமையாளர்கள் சொல்வதே விலை. உரிமத்தை ஓடிடிக்கும் விரிவாக்குவதற்கான கட்டணத்தை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.