அஞ்சு ஸ்டார் போட்டா திரும்ப வருவாங்களா?

கேள்வி: ஒகேனக்கல் வர்றவங்க ஆன்லைன்ல எழுதுற ரிவ்யூவை வெச்சு, இந்த இடத்து மேல அவங்களுக்கு எவ்ளோ பிடிப்புன்னு காலேஜ் ப்ராஜெக்ட் பண்றேன். ஆவரேஜ் ஸ்டார் எடுத்தா போதுமா சார்?
– ஒரு மாணவி, பென்னாகரம்

பதில்: பத்தாதும்மா. ஸ்டார் அன்னிக்கு மனசு எப்படி இருந்துச்சுங்கிறதத்தான் சொல்லும். காவிரியில தண்ணி ஜாஸ்தியாகி பரிசலை நிறுத்திட்டாங்கன்னா வந்தவங்க கடுப்புல ஒரு ஸ்டார் போட்டுட்டு போவாங்க, அதை வெச்சு ஒகேனக்கல் யாருக்கும் பிடிக்கலன்னு எழுதிடாத, ரிவ்யூ தேதியையும் அந்த நாள் நீர்வரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு.

பிடிப்புன்னா ரெண்டு விஷயம், ஆளு திரும்ப வரணும், இல்ல நாலு பேருக்கு சொல்லணும். ஃபிரெட் ரைக்ஹெல்ட்னு ஒரு அமெரிக்க வணிக ஆலோசகர் 2003ல இதுக்கு ஒரு கணக்கு சொன்னாரு: மத்தவங்களுக்கு சிபாரிசு பண்ணுவீங்களான்னு கேட்டு 0ல இருந்து 10 வரை மார்க் வாங்கு, 9, 10 போட்டவங்க சதவீதத்துல 0 முதல் 6 வரை போட்டவங்க சதவீதத்தைக் கழி. ரிவ்யூல அந்தக் கேள்வியே கிடையாதே, அதனால எழுத்துக்குள்ளதான் தேடணும். "போன தடவை வந்தப்போ", "சின்ன வயசுல அப்பா கூட்டிட்டு வந்தாரு, இப்ப என் பசங்களோட", இதெல்லாம் உனக்கு தங்கம். "ஒரு தடவை போய்ப் பாக்கலாம்"னு நாலு ஸ்டார் போட்டிருப்பான் பாரு, அவன் திரும்ப வர மாட்டான்! இதையெல்லாம் சாஃப்ட்வேர் கிட்ட விட்டா பாராட்டுன்னு எடுத்துக்கும், அதுவும் தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருந்தா சுத்தம், முதல்ல கொஞ்சம் ரிவ்யூவ நீயே உக்காந்து படிச்சு பிரி.

இன்னொண்ணு, ஆடிப் பெருக்குக்கு வருஷா வருஷம் சோத்து மூட்டையோட வர்ற நம்ம ஊரு குடும்பங்க எத்தனை பேரு ரிவ்யூ எழுதுறாங்க? ரொம்பப் பிடிச்சவங்களும் ரொம்பக் கடுப்பானவங்களும்தான் அதிகமா எழுதுவாங்க. பரிசல் க்யூவுல நின்னு நேர்ல கொஞ்சம் பேர்கிட்ட கேட்டுடு.

தலைப்புல சுற்றுச்சூழல் சுற்றுலான்னு போட்டிருந்தா இதையும் பாரு, அவங்க பிடிப்பு எதுமேல? மீன் வறுவல், எண்ணெய் மசாஜ் மேலயா, ஆறு காடு மேலயா? நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுல சுமார் 686 சதுர கிலோமீட்டரை 2022ல காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்சாங்க, நீர்நாய், முதலை, யானைன்னு எத்தனை ரிவ்யூல வருதுன்னு தனியா எண்ணு. குப்பையப் பத்தி நாலு வரி திட்டிட்டு, அடுத்த வருஷமும் வந்து எழுதியிருக்கான்ல, அவனுக்குன்னு உன் டேபிள்ல தனியா ஒரு காலம் (column) போட்டுக்கோ, ஸ்டார் கணக்குல அவன் மாட்டவே மாட்டான்.