வேண்டாத அழைப்பை நிறுத்த 600 ரூபாயா?

கேள்வி: தினமும் ஏழெட்டு தடவை கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று போன் வருகிறது. அம்மாவுக்கு டயாலிசிஸ் நடப்பதால், ஆஸ்பத்திரியிலிருந்தோ என்று பதறி ஒவ்வொன்றையும் எடுக்கிறேன். 600 ரூபாய் கொடுத்தால் மொத்தமாக நிறுத்தித் தருவதாக எங்கள் தெரு மொபைல் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள் அம்மா. அவர் செய்யப்போவது ஒரே ஒரு எஸ்எம்எஸ். அதை நீங்களே இலவசமாக அனுப்பலாம். ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, 0 போட்டு 1909க்கு அனுப்புங்கள். அவ்வளவுதான் டிஎன்டி, அதாவது ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ பதிவு. இதற்காக உங்கள் போனை அடுத்தவர் கையில் கொடுத்து, வரும் ஓடிபியையும் வாசித்துக் காட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. 600 ரூபாயோடு போனால் பரவாயில்லை, வங்கிக் கணக்கே போய்விடும்.

பதிந்த பிறகும் சில அழைப்புகள் வரும். உங்கள் கணக்கு, கார்டு, தவணை பற்றி வங்கி பேசுவதை டிஎன்டி தடுக்காது, தடுக்கவும் கூடாது. அதே வங்கி புது இன்சூரன்ஸ் விற்கக் கூப்பிட்டால் அது வியாபாரம், தாராளமாகப் புகார் செய்யலாம். ஆனால் கணக்குத் தொடங்கிய அன்று, படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ‘சலுகைகளைத் தெரிவிக்கச் சம்மதம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால், உங்கள் சம்மதத்தைத்தான் காட்டுவார்கள். கிளைக்குப் போய் அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடையில் குலுக்கல் கூப்பனை நிரப்பிப் பெட்டியில் போடுகிறோமே, அதிலும் இதே கதைதான். பில் போடும்போது நம்பர் கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகுங்கள்.

விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் வர வேண்டும் என்பது விதி. உங்களுக்கு வருபவை சாதாரணப் பத்து இலக்க எண்களாகத்தான் இருக்கும். என்னிடம் வந்த ஒரு பெரியவர் நாற்பது பக்க நோட்டில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட எண்களை எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் பிளாக் செய்திருக்கிறார். மறுநாள் அவர்கள் வேறு சிம்மில் கூப்பிடுகிறார்கள். பிளாக் செய்தால் போதாது, புகார் செய்ய வேண்டும். அழைப்பு வந்த 7 நாளுக்குள் 1909ஐ அழைத்து எண், தேதி, என்ன பேசினார்கள் என்பதைச் சொல்லுங்கள். 2025இல் திருத்திய விதிப்படி, 10 நாளில் 5 புகார் வந்தாலே அந்த எண்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். கொத்துக் கொத்தாக சிம் வாங்குகிறவர்களை வாங்கும்போதே மடக்காமல், நோயாளியைப் பார்த்துக்கொள்கிற வீட்டுப் பெண் உட்கார்ந்து தேதி குறிக்க வேண்டும் என்பது என்ன நியாயமோ! ஆனாலும் செய்யுங்கள், வேறு வழியில்லை.

‘டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், 9ஐ அழுத்துங்கள்’ என்று வந்தால் உடனே வையுங்கள். டிராய் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அது யாரையும் அப்படி அழைப்பதில்லை. பணமே போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

டயாலிசிஸ் பிரிவுக்குப் போகும்போது அங்கிருந்து எந்தெந்த எண்ணில் கூப்பிடுவார்கள் என்று கேட்டு, எல்லாவற்றையும் பெயர் போட்டுச் சேமித்து, தனி ரிங்டோன் வையுங்கள். அந்தச் சத்தம் கேட்டால் மட்டும் ஓடி வந்து எடுத்தால் போதும்.