சித்திரையில் பார்த்த தரிசு

ஐயா,

விலங்கியல் இளநிலை முடித்திருக்கிறேன். முதுநிலையில் காட்டுயிரியல் அல்லது பல்லுயிரியம் படிக்க ஆசை. டேராடூன், பெங்களூரு, மயிலாடுதுறை மூன்றையும் யோசித்து வைத்திருக்கிறேன். “புலியப் பாத்துக்கிட்டு இருந்தா எவன் சம்பளம் குடுப்பான்?” என்கிறார் அப்பா. கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதும் வேலைக்கு மட்டும் போகமாட்டேன். காமிராவுக்குப் பணம் சேர்த்து வருகிறேன். எங்கே படிக்கலாம்? வெளிநாடு நல்லதா?

சு., திருமங்கலம்

அன்புள்ள சு.,

வெளிநாடு பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. டேராடூனிலும் பெங்களூரிலும் இடம் குறைவு, போட்டி அதிகம். மயிலாடுதுறை ஏவிசி கல்லூரியும் நல்ல இடம்தான். மூன்றுக்கும் போடுங்கள், கிடைத்ததில் சேருங்கள். அப்பாவிடம் இந்திய வனப்பணித் தேர்வு என்று ஒன்று இருப்பதைச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் அமைதியாக இருப்பார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ‘மட்டும் போகமாட்டேன்’தான். ஏன், தீட்டு ஒட்டிக்கொள்ளுமா?

சுரங்கமோ பெரிய சாலையோ வரும்முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை கேட்கிறது மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு அறிவிக்கை. அதை எழுதும் ஆலோசனை நிறுவனம் அங்கீகாரம் பெற, சூழலியலும் பல்லுயிரியமும் தெரிந்த நிபுணர் ஒருவரைக் காட்டியாக வேண்டும். உங்கள் படிப்புக்குச் சம்பளம் தரும் நாற்காலிகளில் அதுவும் ஒன்று. நல்ல பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப்போனால் யார் யாரோதான் அதில் உட்காருவார்கள். ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கையில், ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பத்திகளை அப்படியே நகலெடுத்து வைத்திருந்தார்கள். கொங்கண் கரையில் குளிர்நாட்டு ஸ்ப்ரூஸ் மரமும் பிர்ச் மரமும் முளைத்துவிட்டன!

அதுகூடப் பரவாயில்லை, திருட்டு என்று தெரிந்துவிடுகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு கல்குவாரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. ‘தரிசு நிலம், குறிப்பிடத்தக்க தாவரங்கள் இல்லை’ என்றது அறிக்கை. ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் எழுந்தார். “அப்ப எங்க ஆடு இத்தன வருசமா கல்லையா தின்னுச்சு?” கொழுக்கட்டைப்புல், செப்புநெருஞ்சி, நரிப்பயறு, துத்தி என்று அடுக்கிக்கொண்டே போனார். நிபுணர் தம்பி பேந்தப் பேந்த விழித்தார்.

பிறகு டீக்கடையில் அவரைப் பிடித்தேன். பொய் சொல்கிற பிள்ளை இல்லை. சிறுத்தையைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். சித்திரையில் வந்து பார்த்திருக்கிறார். பல திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவத் தரவே போதும் என்று விதி. நமக்கு மழையே ஐப்பசி கார்த்திகையில்தான். அந்த ஈரத்தில் முளைத்துப் பூத்து, மாசிக்குள் விதை சிந்திவிட்டுக் காய்ந்துபோகும் செடி சித்திரையில் எங்கே இருக்கும்? காய்ந்த புல்லையும் கதிரை வைத்து அடையாளம் சொல்லலாம், அதைப் படித்திருந்தால். சிறுத்தைக்கு வழிகாட்டி கிடைத்தார், புல்லுக்கு யாரும் கிடைக்கவில்லை.

அவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்துக்குப் போயிருக்கலாம், செடிகளைக் காயவைத்துத் தாளில் சேமித்து வைக்கும் இடம் அது. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகத்திலும் ஓர் உலர்தாவரகம் இருக்கிறது. உலர்தாவரத் தாள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? செடியைத் தாளோடு சேர்த்து நூலால் தைத்திருப்பார்கள். மூலையில் ஒட்டிய சீட்டில் ஊர், தேதி, சேகரித்தவர் பெயர். காய்ந்தால் நிறம் போய்விடும் என்று பூவின் நிறத்தையும் எழுதி வைப்பார்கள். சுற்றுவட்டாரத் தாள்களை மாதவாரியாகப் புரட்டினால், வெறும் மண்ணாகக் கிடக்கும் இடத்தில் கார்த்திகையில் எதையெல்லாம் தேட வேண்டும் என்று சித்திரையிலேயே பட்டியல் போட்டுவிடலாம். மழைக்குப் பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று அறிக்கையிலும் எழுதலாம்.

கம்பெனிக்காரன் தனக்கு வேண்டியபடி எழுதச் சொல்வானே என்பீர்கள். சொல்வான்தான். அந்தத் தம்பிக்கு யாரும் எதுவும் சொல்லவே தேவைப்படவில்லையே! குவாரி வந்துவிட்டது.

காமிராப் பணத்தில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். மிச்சம் விண்ணப்பக் கட்டணத்துக்கு உதவும். கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதம் பிழையில்லாமல், சுற்றி வளைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அறிக்கையும் நன்றாகவே எழுதுவீர்கள்.