ஹெரால்டு சூடானதும் நின்றுபோனால்

நண்பரே, 12 வருடம் ஷெட்டில் கிடந்த அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் சென்னை கத்திப்பாரா நெரிசலில் 20 நிமிடத்தில் நின்றுவிடுகிறது, அரைமணி ஆறினால் கிளம்பிவிடுகிறது என்கிறீர்கள். மெக்கானிக் பேச்சைக் கேட்டு உடனே கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாற்றிவிடாதீர்கள்.

அடுத்த முறை நின்றதும், சூடு ஆறுவதற்குள், ஒரு ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி உதிரி பிளக்கில் மாட்டி, என்ஜின் இரும்பில் படும்படி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லி, பிளக் நுனியில் பொறி வருகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால் மட்டும் இதைச் செய்யவே கூடாது. பொறி இல்லையென்றால் கோளாறு, பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலில் அல்லது அதோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சரில். என் வண்டியில் காயில்தான். கை வைக்க முடியாத சூடு. பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தால் கோளாறு பெட்ரோல் பக்கம். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகியிருக்கும். குழாயைத் தள்ளி அமைத்து, சூடு தாங்கும் உறை போடுங்கள். இத்தனை வருடம் நின்ற டேங்கில் துருவும் இருக்கும், ஃபில்டரைப் பாருங்கள். பழைய ரப்பர் குழாய்களை எப்படியும் மாற்றிவிடுங்கள், இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் அவற்றை அரித்துவிடும்.

தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். 1962இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரே ஹெரால்டு சேசிஸை (அடிச்சட்டம்) குறுக்கிச் செய்ததுதான். ஹெரால்டின் பானெட் மொத்தமும் முன்பக்கமாகத் திறந்ததும் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், எனக்கு அதுவே பேரின்பம். சரியானதும் விடிகாலை ஐந்து மணிக்கு ஈசிஆரில் கண்ணாடியை இறக்கிவிட்டு மாமல்லபுரம் வரை போய் வாருங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு.